இடது பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வேலை என்பது இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு வலது பக்கம் இருப்பவரை நம்பாமல் இருப்பது. தாம்பரத்தில் பல வருடங்களாக இந்த அவநம்பிக்கைக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. இப்போது பஸ்ஸில் போனாலும் டிரைவரின் முதுகைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் வேகமாக வந்தால், அவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பாரா என்று என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

நீங்களும் ஜி.எஸ்.டி. ரோட்டில் தினம் போய் வருகிறவர் என்றால் இந்த வியாதி உங்களுக்கும் கொஞ்சம் இருக்கும். முன்னால் போகிற ஆட்டோவில் வலது இண்டிகேட்டர் எரிந்தால், அவர் வலது பக்கம்தான் திரும்பப்போகிறார் என்று நம்புவீர்களா? நானும் நம்புவதில்லை. ஆனால் சில மாதங்களாக எனக்கு இன்னொரு சந்தேகம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ரோட்டில் போகிறவர்களைப் பற்றியது இல்லை.

தானாக நிற்கிற வண்டி

எங்கள் பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டிப் பழகுகிறவர் தடுமாறினால் நாங்கள் மிதித்துவிடுவோம். சிட்லபாக்கத்திலிருந்து பிரவீன் என்று ஒரு பையன் வந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை. ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் அழகாக ஓட்டினான். வேகத்தடை வந்தால் வண்டி மெதுவாகும், மாடு வந்தால் நிற்கும். அவனுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. லைசென்ஸ் வாங்கினான், கார் வாங்கினான், முதல் நாளே சொந்த வீட்டு கேட்டில் கொண்டுபோய் இடித்தான்.

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கேள்விப்பட்டு நான் போனபோது கேட்டின் ஒரு கதவு பூந்தொட்டிகள் மேல் சாய்ந்து கிடந்தது. அவனுடைய அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிரவீனுக்கு என் மேல் கோபமெல்லாம் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்: “உங்க வண்டி தானா நிக்கும் மாஸ்டர். இது ஏன் நிக்கமாட்டேங்குது?”

எதற்காகக் கற்றுக்கொள்கிறீர்கள்?

அன்றிலிருந்து என் வலது காலைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால், அது என்னைக் கேட்காமலே வேலை செய்துகொண்டிருக்கிறது. இத்தனை வருடம் நான் கற்றுக்கொடுத்தேனா, அல்லது என் கால் ஓட்டியதா? ராத்திரி சாப்பிடும்போதுகூட இதே யோசனை. மனைவி, “சாதம் ஆறுது” என்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் சேலையூரிலிருந்து ஷமீமா வந்து சேர்ந்தார். வீட்டில் ட்யூஷன் எடுப்பவர். கணவர் ரஃபீக் கேம்ப் ரோடு பக்கம் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். புதிதாகச் சேருகிற எல்லோரிடமும் எதற்காகக் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்பேன். பதிலை வைத்து ஆளைக் கொஞ்சம் பிடித்துவிடலாம். ‘சும்மா, டைம்பாஸ்’ என்பவர் கண்ணாடி பார்க்கமாட்டார். ‘ஃப்ரெண்ட்ஸோட பாண்டிச்சேரி போகணும்’ என்பவர் முதல் நாளே மூன்றாவது கியர் கேட்பார். ஷமீமா பதிலே சொல்லவில்லை. வீட்டில் கார் இருக்கிறது, ஓட்டக் கணவர் இருக்கிறார், பிறகு எதற்கு? வீட்டுக்குத் தெரியாமல் வருகிறாரோ, ஏதாவது சண்டையோ என்று என் புத்தி அதன் வழக்கப்படி போயிற்று.

சில வகுப்புகள் கழித்து, ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது அவராகவே சொன்னார். கணவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் போனுமாகத்தான் ஓட்டுவாராம். மேடவாக்கம் பக்கம் இருக்கும் பள்ளிக்கு இரண்டு பெண் பிள்ளைகளையும் அப்படித்தான் தினமும் கொண்டுபோய் விடுகிறாராம். சொல்லிப் பார்த்தாயிற்று, சண்டை போட்டுப் பார்த்தாயிற்று. கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவங்க அத்தா வண்டி எடுத்தாலே பின்னாடி ரெண்டு பிள்ளைங்களும் துஆ ஓத ஆரம்பிச்சிடுதுங்க மாஸ்டர். அதான் வந்தேன்.”

பின்னால் வருகிறவன்

பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் அதே வாரம் வந்தான். ஓட்டத் தெரியும், வகுப்பு வேண்டாம், லைசென்ஸுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும் என்றான். ஓட்டிக் காட்டு என்றேன். உண்மையிலேயே ஓட்டினான். கியர் மாற்றுகிற கையில் ஒரு லாவகம் இருந்தது. எனக்கு அதுதான் முதலில் பிடிக்கவில்லை. பெருங்களத்தூர் தாண்டியதும், எதையும் பார்க்காமல் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்தான். பின்னால் வந்த அரசு பஸ்ஸின் பிரேக் சத்தம் என் கழுத்தில் கேட்டது.

ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு உள்கண்ணாடியைப் பார்த்தேன். அதில் ரோடு இல்லை. அவனுடைய தலைமுடிதான் இருந்தது, அழகாக வாரியிருந்தான். பஸ் வந்ததே, பார்த்தாயா என்று கேட்டேன். ஷமீமா பிள்ளைகளை வைத்துக்கொண்டு இறங்கப்போகிற ரோட்டில்தானே இவனும் வருவான் என்று எனக்குள் எரிந்தது. அவன் கொஞ்சமும் பதறாமல், எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னான்: “பின்னாடி வர்றவன் பாத்துப்பான்ணா. அவனுக்கும் கண்ணு இருக்குல்ல?”

பின் சீட்டில் ஒரு மாஸ்டர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஃபீக்கும் வகுப்புக்கு வந்தார். மனைவி எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்க வேண்டுமாம். பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு முன் சீட்டுக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டார். “ஹாரன் அடி ஷமீ. அடிச்சாதான் வழி விடுவான்.” “என்ன இது, நடந்து போறவன்லாம் நம்மள ஓவர்டேக் பண்றான்.” நல்ல மனிதர், கலகலப்பானவர். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதனாலேயே அவரைத் திட்ட முடியவில்லை.

கேம்ப் ரோடு சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் வண்டி நின்றது. “மஞ்சள்தானே? போலீஸும் இல்ல, போயிருக்கலாம்” என்றார் ரஃபீக். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. எடுத்து, “வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன் பாய், பரவால்ல, சொல்லுங்க” என்றார். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு! ஷமீமா கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் சிரிப்பை அடக்கக் குனிந்தேன். குனிந்தபோதுதான் கவனித்தேன், என் கால் பிரேக்கின் மேல் இருந்தது. சிக்னலுக்கு வண்டியை நிறுத்தியது யார்? ஷமீமாவின் கால் முதலில் போனதா, என் கால் முதலில் போனதா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

இறங்கும்போது ரஃபீக் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் சொன்னது பொய் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாததுதான் என்னைத் தின்றது: “இவளுக்குப் பயம் ஜாஸ்தி மாஸ்டர். பயந்தவங்கள்லாம் வண்டி ஓட்டக் கூடாது.”

செல்வத்தின் கேள்வி

ஷமீமா டெஸ்டில் தேறினார், லைசென்ஸும் வந்துவிட்டது. டெஸ்ட் மைதானத்தில் எதிரே லாரி வராது, நாய் ஓடாது, பின்னால் யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள். அந்த அட்டை என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அவரையும் சமாதானப்படுத்தவில்லை. அலுவலகத்துக்கு வந்து, இனிப்பு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு நேராகக் கேட்டார். “திங்கக்கிழமை ஸ்கூல் திறக்கறாங்க. பிள்ளைங்கள நான் கூட்டிட்டுப் போகலாமா, வேணாமா? நீங்க வேணாம்னு சொன்னா அவரே ஓட்டட்டும். நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்.”

வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைகள் போன் பேசுகிறவரோடு போகும். போகலாம் என்றால், இதுவரை சரியான நேரத்தில் நின்றது என் காலாக இருந்துவிட்டால்? பிரவீன் வீட்டு கேட்டாவது இரும்பு. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கூட வேலை செய்யும் செல்வம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வகுப்பு எடுக்கும்போதே செல்போனில் வீடியோ பார்க்கிறவன், ராத்திரி நன்றாகத் தூங்குகிறவன். டப்பாவைத் திறந்து ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்: “இன்னா மாஸ்டர், லைசென்ஸ் வாங்கிக் குடுத்தியா, இல்ல பொண்ணு குடுக்கப் போறியா? இம்மாம் யோசன பண்ணிக்கினு கீற!”

பிரேக் இல்லாத பக்கம்

மறுநாள் அவர்களுடைய காரிலேயே போய்ப் பார்க்கலாம் என்று ஷமீமாவிடம் சொன்னேன். அந்தக் காரில் இடது பக்கம் பிரேக் கிடையாது. பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவரே வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். சேலையூரிலிருந்து மேடவாக்கம் ரோடு, பள்ளி வாசல்வரை. வண்டி கிளம்பியதுமே என் வலது கால் வெறும் தரையைத் தேடி மிதிக்க ஆரம்பித்தது. கை ஹேண்ட்பிரேக் பக்கத்திலேயே கிடந்தது. இந்த முறை ஏமாறக் கூடாது என்று ஷமீமாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எப்போது எடுக்கிறார், எப்போது வைக்கிறார், தயங்குகிறாரா.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் இடது ஓரத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஓஸ் பைப் போட்டுத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரியை நெருங்கும் முன்பே ஷமீமாவின் கால் பிரேக்குக்குப் போனது. வண்டி மெதுவானது. நிமிர்ந்து பார்த்தேன், எதிரே ரோடு காலி. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், இன்னொருவர் அவரோடு சேர்ந்துகொண்டார். சரி, ரஃபீக் சொன்னது உண்மைதான், இது பயம்தான் என்று முடிவுக்கே வந்துவிட்டேன். “ரோடு காலியாத்தானேம்மா இருக்கு, போங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வண்டி முழுசாக நின்றுவிட்டது. லாரியின் முன்பக்கத்திலிருந்து ஓர் அம்மா காய்கறிப் பையோடு, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எங்கள் பம்பருக்கு முன்னால் நடந்து ரோட்டைக் கடந்து போனார்.

அந்த அம்மா வருவது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நின்ற வண்டியைத் தாண்டும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் என்றைக்காவது சொல்லிக் கொடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. ஷமீமா முதல் கியரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வண்டியை நகர்த்திக்கொண்டே சொன்னார்: “லாரிக்கு அடியில செருப்புக் கால் தெரிஞ்சுது மாஸ்டர். நீங்க என் காலையே பாத்துக்கிட்டிருந்தீங்க.”

திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பிள்ளைகளை ஷமீமாதான் பள்ளிக்கு அழைத்துப்போகிறார்; ரோட்டில் யாரையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தே பிழைக்கிற எனக்கு, அதை ஒருவர் உண்மையாகவே கற்றுக்கொண்டுவிட்டார் என்று நம்புவதற்குத்தான் இன்னும் பயிற்சி போதவில்லை.