வாசல் வாதாமரத்துக் காக்கை

என் மனைவி சுந்தரவல்லி தி.நகரில் எங்கள் ரவிக்கைத் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். கல்யாணமான நாளிலிருந்து அனுபவிக்கிறேன்.

போன வைகாசியில் எங்கள் மகள் சரண்யாவைப் பெண் பார்க்க நங்கநல்லூரிலிருந்து வந்தார்கள். பையன் பாலகணேஷ் அவளோடு வேலை பார்ப்பவன். இரண்டு பேரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். பையனின் அம்மா கோமதி தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தலையில்தான் காக்கை கொத்தியது.

வாசல் வாதாமரத்தில் அதன் கூடு. பாதிக்குமேல் கேபிள் ஒயர், மீதி எங்கள் கொடியில் காணாமல்போன கம்பி ஹேங்கர். குஞ்சு பொரித்ததிலிருந்து கேட்டைத் திறந்த எவரையும் அது சும்மா விடவில்லை. ஆனால் காக்கை தலையில் அடித்தால் சனி பிடிக்கும் என்பார்களே. அந்தம்மா காபியைக்கூடத் தொடாமல், தலைக்குக் குளிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் அவருடைய அண்ணன் போன் செய்தார். சகுனம் சரியில்லையாம். கிளையை வெட்டிக் கூட்டைக் கலைத்தால் மேற்கொண்டு பேசலாமாம். நான் உடனே மரம் வெட்டும் ஆளைத் தேடிக் கிளம்பினேன். மகள் கல்யாணத்துக்கு முன்னால் காக்கையாவது குருவியாவது.

சுந்தரவல்லி வழிமறித்தாள். அமாவாசைக்குச் சோறு வைத்து, முன்னோர் வந்தார்கள் என்று கும்பிடுகிறோமே, வைகாசியில் அதன் குஞ்சைக் கீழே தள்ளுவோமா என்று கேட்டாள். பிறகு கோமதிக்கு அவளே போன் போட்டாள்.

"குஞ்சு பறக்கிற வரைக்கும் அது எல்லாரையும் கொத்தத்தான் செய்யும். கொத்தலைன்னா அது என்ன தாய்? கிளைய வெட்ட மாட்டேன். அதுக்காக என் மகள் வேண்டாம்னா, சொல்லிருங்க."

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சரண்யா அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சுந்தரவல்லி வழக்கம்போலக் கடைக்குப் போய்வந்தாள், சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கோமதி தனியாக வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டைத் திறந்தார். காக்கை பாய்ந்து பாய்ந்து கொத்தியது. அவர் அசராமல் கூடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கழற்றினார்.

"எங்க வீட்டுக்காரர் போனப்புறம் ரெண்டு பயலுகளையும் தனியா வளத்தேன். கிட்ட வந்தவங்கள எல்லாம் நானும் இப்படித்தான் கொத்தினேன். ராத்திரி பூரா அதத்தான் நினைச்சேன். முகூர்த்தம் பாருங்க, மதினி."

மதினி என்ற அந்தச் சொல்லில் சம்பந்தம் முடிந்துவிட்டது. அதுவரை கல்லாக நின்ற சுந்தரவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சரண்யா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

மகளுக்கு எப்பேர்ப்பட்ட மாமியார் என்று எல்லோரும் வியக்கிறார்கள். வியக்கட்டும். நான் அன்றைக்குப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றது என் பெண்டாட்டியைத்தான்.