ஒரு விரல் லூஸ்

முட்டிக்கு மேல் நிற்காமல் காலுறை மூன்றாவது தடவையாகச் சரிந்தது. தையல்காரி மிஷினை நிறுத்திக் குனிந்து இழுத்துவிட்டாள். கர்ப்பப்பையில் புற்று என்று அறுவை செய்தபோது இடுப்புக்குள் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது, நிணநீர் வடிய வழியில்லாமல் இடது கால் தூணாக வீங்கிக்கொண்டது. அளவெடுத்துப் பின்னிய இறுக்கமான காலுறை வீக்கத்தைப் பிடிக்கும் என்றார்கள். பிடிக்கவில்லை. மதியத்துக்கு மேல் அந்தக் கால் பெடலை மிதிக்காது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பழைய அளவுச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தன் டேப்பால் தொடையை அளந்தாள். வீங்கிய காலைவிடச் சீட்டிலிருந்த அளவு இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது.

"யாரு அக்கா அளவெடுத்தது?"

தானேதான் என்றாள். காலுறைக் கடையில் அளவெடுப்பவர் ஆண். ஊருக்கே அளவெடுக்கிறவள் தன் காலுக்கு எடுக்க மாட்டாளா என்று இருந்துவிட்டாள்.

"உள்ள ஒரு விரல் விட்டுப் பிடிச்சீங்களா?"

"விரல் விடாம நான் யாருக்கும் டேப் பிடிச்சதே இல்லம்மா."

"சட்டைன்னா மூச்சு விடணும். இது மூச்சு முட்டணும்க்கா."

பழைய காலுறையைத் தானே பிடித்துத் தைத்துக்கொள்வதாகச் சொன்னதற்கு, தையல் அறுத்துப் புண்ணானால் சீக்கிரம் ஆறாது என்று நர்ஸ் புதுச் சீட்டைக் கொடுத்தாள். காலையில் தரையில் கால் வைத்து வீக்கம் ஏறும் முன் வேறு யாராவது அளக்கட்டும், அக்கா கையை நம்ப முடியாது என்றாள்.

வேறு யார், புருஷன்தான். அறுவைக்குப் பிறகு எட்டு மாதமாக அவர் கூடத்தில் படுக்கிறார். தொட்டால் வலிக்கும் என்று அவராக ஒன்றை நினைத்துக்கொண்டார். அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டாள். இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு டேப் பிடிக்கத் தெரியாதே."

"அதனாலதான் உங்களக் கேக்கிறேன்."

"வலிச்சா?"

"இறுக்கலன்னாதான் திட்டுவேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் டேப்போடு வந்தார். கணுக்காலிலிருந்து தொடை வரை ஏழு இடத்தில் அளந்தார். இரண்டு எண்கள் சந்தேகமாக இருந்ததால் மறுபடி அளந்தார். வேலைக்குப் போகும் வழியில் சீட்டைக் காலுறைக் கடையில் கொடுத்தார். பத்து நாளாகும் என்றார்கள். அவள் கூடத்துப் படுக்கையைச் சுருட்டி அறைக்குள் வைத்துவிட்டுக் கடையைத் திறந்தாள். மதியம் வரை மிஷினில் இருந்தாள். அதன்பின் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு பட்டன் தைத்தாள்.