பெரியப்பாவுக்கு நான் கார்டியன் ஆன விதம்

யாரும் கேட்காமலே ஐகோர்ட்டில் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டி, அதன் பலனாக ஐந்து வருஷம் வீட்டோடு அடைந்து கிடந்தவன் நான். தண்டனை இல்லை, நியமனம்.

பெரியப்பா, என் அம்மாவின் அக்காள் கணவர், துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டியவர். கப்பல் தளத்தில் உட்கார்ந்து சரக்கை ஏற்றி இறக்குகிற வேலை. அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. எதிரே நிற்பவர் கையை உயர்த்தினால் சரக்கு மேலே போகும். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் இறங்கும். பெரியம்மா போன மறுவருஷம் அவர் கப்பல் ஏணியில் தவறி விழுந்தார். உடம்பு தேறியது, புத்தி தேறவில்லை.

ராயபுரத்தில் அவர் பேரில் ஒரு வீடு. அதற்காக அவர் மகன், எனக்குத் தம்பி முறை, மனுப் போட்டான். வக்கீல் விளக்கினார்: இவரால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று முதலில் ஜட்ஜுக்குத் தோன்ற வேண்டும். அப்புறம் சொத்துக்கு ஒரு கார்டியன், ஆளைப் பார்த்துக்கொள்ள ஒரு கார்டியன். சொத்தை மகனிடம் கொடுப்பார்கள். ஆளை வாரிசிடம் விடத் தயங்குவார்கள். செத்தால் லாபம் உள்ளவன் கையில் சோற்றுத் தட்டைக் கொடுப்பானேன் என்ற யோசனை. நான் சட்டப் புத்தகங்களும் கொஞ்சம் புரட்டியவன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கென்ன, நான் வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் பம்பாய்க்கு உத்தியோக உயர்வு வந்திருந்தது. அடுத்த மாதம் ரயில்.

கோர்ட்டுக்கு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். டாக்டரின் அறிக்கை படித்தாயிற்று. ஜட்ஜ் தாமே விசாரிக்க விரும்பினார். இன்று என்ன கிழமை, உடன் வந்திருப்பது யார் என்று கேட்டார். பெரியப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கச் சொன்னார்கள், அசையவில்லை. சேவகன் அதட்டினான். தம்பி பக்கத்தில் கைகட்டி நின்றான். என்ன மரியாதை என்று மெச்சிக்கொண்டேன்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து மெல்லக் கையை உயர்த்தினேன். பெரியப்பா எழுந்தார். கவிழ்த்துத் தாழ்த்தினேன். உட்கார்ந்தார். அதோடு விட்டேனா? இதன் தத்துவத்தை நல்ல இங்கிலீஷில் விளக்கினேன்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். இவர் இறந்தால் உமக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். காலணா கிடைக்காது என்றேன், பெருமையாக. உம் வீடு எங்கே? இரண்டு தெரு தள்ளி. சம்மதமா? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

தம்பிக்கு வீடு, எனக்குப் பெரியப்பா. அவரை வெளியூர் கொண்டுபோக கோர்ட்டு அனுமதி வேண்டும். கேட்டேன். பழகிய இடத்தில் இருப்பதே அவருக்கு நல்லது என்று பதில் வந்தது. பம்பாய்க்கு என் பக்கத்து மேஜைக்காரர் போனார்.

துறைமுகச் சங்கு ஊதினால் பெரியப்பா வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதனால் கதவுக்கு எப்போதும் உள்தாழ்ப்பாள், பூட்டு. காலை முதல் என் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்ப்பார். நான் தலையைச் சொறிந்தால் எழுந்து நிற்பார். பேப்பரை மடித்துக் கீழே வைத்தால் உட்காருவார். கொசு அடிக்கப் பயந்தேன். கைவீசிப் பேசுகிறவன் என்று பேர் வாங்கிய நான், இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பேசப் பழகினேன். ஆபீஸ் போன நேரத்தில் என் மனைவி காவல். அவளும் கையை அடக்கிக்கொண்டுதான் கோலம் போட்டாள்.

பெரியப்பா காலமான பதினாறாம் நாள், கூட வேலை பார்த்த பழைய ஆள் ஒருவர் வந்தார். விஞ்சுக்கு எதிரே நின்று கை காட்டியவர் அவர்தான். கோர்ட்டில் நான் அந்தச் சைகையைக் கண்டுபிடித்துக் காட்டிய கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

“இன்னா நைனா, அது ராயபுரத்துல எவனுக்குத் தெரியாது? அவரு புள்ளைக்கு உன்னவிட நல்லாத் தெரியும். அதான் கையைக் கட்டிகினு நின்னுகிறான்.”