சுருதியைக் குறைத்துக்கொண்ட ராணி

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் இன்னும் வரவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசி டீக்கடை பெஞ்சில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதைத் துடைக்காமலே, தகரப் பெட்டியோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். காதோரம் அரிதாரம் மிச்சமிருக்கிறது. நேற்றுக் கீழப்பழுவூர் நாடகத்தில், செத்த மகனை மடியில் கிடத்திச் சுடுகாட்டில் பாடிய ராணி இவர்தான்.

அந்தப் பாட்டை இந்தப் பக்கத்தில் பலர் பாடிக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் உச்சத்தில் எடுத்து, மாரில் அடித்துக்கொண்டு கூட்டத்தை அழவைப்பார்கள். இவர் மட்டும் தாழ்ந்த குரலில், கைகூட அசையாமல் பாடினார். முன்வரிசையிலிருந்து ஒருவர், "சத்தமா அழும்மா" என்று அதட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கு எறையூரில் இதே வேஷம். அங்கேயும் இப்படிப் பாடினால் இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று நாடக ஏஜெண்டு சொல்லிவிட்டதாக நேற்றுக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

"தொண்டை சரியில்லைங்களா?" என்று கேட்கிறேன்.

"தொண்டைக்கு என்னங்க. முன்னாடி நானும் உச்சத்துலதான் பாடுவேன். அதுக்குன்னே கூப்புடுவாங்க."

டீயை ஆற்றிக்கொண்டே இருக்கிறார். குடிக்கவில்லை.

"போன வருசம் எம்புள்ள காய்ச்சல்ல போயிட்டான். நடுவூட்டுல போட்டு அழுதுகிட்டிருக்கேன். துக்கத்துக்கு வந்த பொம்பளைங்க, நாடகத்துல அழுவுற மாதிரியே இருக்குன்னு பேசிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த அழுகைய மேடையில எடுக்கறதில்லைங்க."

"அவங்க ஏதோ தெரியாம..." என்கிறேன்.

"பொய்யில்லைங்க. எனக்கே அப்படித்தான் கேட்டுச்சு."