பாதிச் சிரிப்புக்கு எத்தனை மிட்டாய்?

டி மாய்ன் நகரத்தில் மிட்டாய் சும்மா கிடைக்காது. மற்ற ஊர்களில் ஹாலோவீனுக்கு ஒரு பிள்ளை பேய் வேஷம் போட்டுக்கொண்டு கதவைத் தட்டிப் பையை நீட்டினால் போதும், கொட்டிவிடுவார்கள். எங்கள் ஊரில் அந்தக் கதையே இல்லை. இங்கே ஹாலோவீனுக்கு முந்தின நாள், அக்டோபர் முப்பதாம் தேதி மாலையில், பிச்சைக்கார ராத்திரி. வாசலில் வந்து நிற்கிற பிள்ளை முதலில் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மிட்டாய். உழைக்காமல் வாங்கித் தின்னும் பழக்கம் நாட்டின் மற்ற பகுதிகளை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஜோக் என்றால் பல் கூசும் கடி ஜோக். வீட்டுக்காரர்கள் "ஆஹா, பிரமாதம்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் பையில் போட்டு அனுப்புவார்கள். பீவர்டேல் பகுதியில், மேட்டின் மேல் இருக்கும் ஒரு செங்கல் வீட்டில் மட்டும் நடைமுறை வேறு. அங்கே ஆர்லிஸ் நிஜமாகவே சிரிப்பாள்.

ஜனவரிக் குளிரில் பழைய கார் கிளம்புமே, அந்த மாதிரிச் சிரிப்பு அது. முதலில் இரண்டு மூன்று தடவை உறுமி அடங்கும். சரி, அவ்வளவுதான் என்று நினைக்கும்போது பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் நிற்காது. கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, "இரு, இரு, அத இன்னொரு தடவ சொல்லு" என்பாள். தான் சொன்ன ஜோக்கை ஒரு பெரிய மனுஷி மறுபடி கேட்கிற கௌரவம் ஆறு வயதில் கிடைப்பது லேசான விஷயமா? அதற்காகத்தான் பிள்ளைகள் அந்த மேட்டில் மூச்சு வாங்க ஏறினார்கள். மிட்டாய்க்காக இல்லை. ஆர்லிஸ் டச்சு வம்சம், சிக்கனத்துக்குப் பேர்போனது. தலைக்கு ஒரு குட்டி சாக்லெட், ஒன்றே ஒன்று.

உத்தியோக வாழ்க்கையில் இவளே சிரிப்புக்குப் பரம விரோதியாக இருந்தவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸில் போட்டோ எடுக்கிற வேலை. "சிரிக்காதீங்க, நேராப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றாள். இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் பர்ஸுக்குள் திருடன் முகத்தோடு அலைகிறார்கள் என்றால் அது ஆர்லிஸின் கைவண்ணம். பகல் முழுக்க அடக்கி வைத்த சிரிப்பையெல்லாம் சாயங்காலம் வீட்டில் வந்து செலவழித்தாள் போலும்.

கணவர் வெர்லின் பயிர் இன்ஷூரன்ஸ்காரர். ஆலங்கட்டி மழை அடித்துப்போட்ட சோளக் கொல்லையில் இறங்கி நின்று, தண்டைப் பிளந்து பார்த்து, "முப்பத்தஞ்சு சதவீதம் சேதம்" என்று தீர்ப்புச் சொல்பவர். எதிரே நிற்கும் விவசாயி தலையில் கை வைத்துக்கொண்டு "எல்லாம் போச்சு" என்பான். "எல்லாம் போகல, அறுபத்தஞ்சு நிக்குது" என்பார் வெர்லின். எதையும் முழு நஷ்டம் என்று ஒப்புக்கொண்டதாக அவர் வரலாற்றிலேயே கிடையாது.

இப்பேர்ப்பட்ட நெஞ்சுரம் கொண்டவருக்குப் பேய்ப்படம் என்றால் பயம்.

அக்டோபர் பிறந்துவிட்டால் இருவருக்கும் பேய்ப்படம் ஒரு விரதம். மேப்பிள் இலைகளை வாரிக் குவித்து, குளிருக்கு ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி மாட்டிவிட்டு, சாயங்காலம் பீன்ஸும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்த சில்லி ஆளுக்கொரு கிண்ணமும் அதைத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரோலும் வைத்துக்கொண்டு சோபாவில் உட்காருவார்கள். காரமான சில்லியோடு சர்க்கரைப் பாகு சொட்டும் ரோலா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்காக இரக்கப்படுவதைத் தவிர நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. பிறகு நூலகத்தில் கழித்துக்கட்டிய டிஸ்க்குகளில் ஒன்று ஓடும். எல்லாம் கறுப்பு வெள்ளைக் காலத்துத் திகில் படங்கள். சதுப்பு நிலத்திலிருந்து ரப்பர் அரக்கன் எழுந்து வருவான். வெர்லின் குஷனை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வார்.

"போயிருச்சா?"

"இன்னும் இல்ல. ஜன்னல் வழியா கைய விடுது."

"யாரு கைய?"

"அது கையத்தான். கிச்சன் கையுறை மாதிரி இருக்கு, பாரேன்."

"பாக்க மாட்டேன். போனதும் சொல்லு."

கல்யாணமான நாள் முதல் இப்படித்தான். ஒவ்வொரு அக்டோபரும் படம் படமாகப் பார்த்தும், வெர்லின் இன்றுவரை ஒரு அரக்கனைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ஆர்லிஸ் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த அரக்கனின் முதுகில் ஜிப் வைத்துத் தைத்திருப்பது அவளுக்குத் தெரியும். கணவனிடம் மட்டும் சொன்னதில்லை. மனிதர் இவ்வளவு நேர்மையாகப் பயப்படும்போது அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இந்தக் குடும்பத்துக்கு ஏப்ரலில் ஒரு நாள் காலை கண் பட்டது. ஆர்லிஸ் காபியை வாயில் வைத்தாள், பாதி சட்டையில் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி வேலை நிறுத்தம் செய்திருந்தது. பக்கவாதமோ என்று பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இல்லை, முகத்து நரம்பு ஒன்று வீங்கியிருக்கிறது, தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். கோடைக்குள், மூடாமல் அடம்பிடித்த இடது கண் மூடத் தொடங்கியது, பேச்சு தெளிந்தது, காபி உள்ளே போனது. ஆனால் இடது உதடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சிரித்தால்தான் சங்கதி. வலது பக்கம் மேலே ஏறும், இடது பக்கம் "எனக்கென்ன" என்று கிடக்கும், இடது கண் வேறு தன்னிஷ்டத்துக்கு மூடிக்கொள்ளும். ஒரு நாள் அடுப்புக் கதவின் கண்ணாடியில் தன் சிரிப்பைத் தற்செயலாகப் பார்த்தாள் ஆர்லிஸ். அன்றோடு நிறுத்திவிட்டாள்.

வெர்லின் தம்மால் ஆனதைச் செய்தார். தினமும் காலையில் அவள் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் நிற்பாள்.

"நேரா இருக்கா?"

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, சோளத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார். "இடது மூலையில கொஞ்சம் கீழ எறங்குது. சேதம் எட்டு சதவீதம்."

"போன வாரம் பத்துன்ன."

"பயிர் தேறுது."

மற்றவர்களுக்கு இந்த நுட்பம் வராது. பக்கத்து வீட்டு நாடீன் சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோலோடு வந்து, ஆர்லிஸுக்குக் காது போய்விட்டது போல, "எப்... படி... இருக்... கீங்க... கண்ணு?" என்று கத்திக் கத்திக் கேட்டாள். அவள் போனதும் ஆர்லிஸ் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அனுதாபத்தின் மீது அத்தனை சீஸ் போட்டால் யாரால் ஜீரணிக்க முடியும்?

அக்டோபர் வந்தது. இலைகள் வாரப்பட்டன, சில்லி கொதித்தது, அரக்கன் எழுந்து வந்தான். ஆர்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். குஷனுக்குப் பின்னாலிருந்த வெர்லினுக்குச் சத்தமில்லாத அந்த இருட்டு அரக்கனைவிடப் பயமாக இருந்தது.

ஹாலோவீனுக்கு வாசலில் விளக்காக வைக்கப் பூசணிக்காயில் முகம் குடைந்துகொண்டிருந்த அன்று அவள் விஷயத்துக்கு வந்தாள். "இந்த வருஷம் வாசலுக்கு நீ போ."

"நானா? எனக்கு ஜோக்கே புரியாதே."

"புரியணும்னு யாரு கேட்டா? சிரிச்சா போதும்."

"புரியாம எப்படிச் சிரிக்கிறது? அது பொய்க் கணக்கு."

"சின்னப் புள்ளைங்க, வெர்லின். என்னப் பாத்துப் பயந்துடும். இல்லன்னா நாடீன் மாதிரி பரிதாபப்படும். ரெண்டாவதத்தான் என்னால தாங்க முடியாது."

வெர்லின் பூசணிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆர்லிஸ் அதன் வாயை ஒரு பக்கம் மட்டும் மேலே தூக்கி வெட்டியிருந்தாள். 

முப்பதாம் தேதி ஆறு மணிக்கு வாசல் விளக்கு எரிந்தது. சாக்லெட் கூடையோடு வெர்லின் கதவில் நின்றார். ஆர்லிஸ் முன்னறையில் திரைச்சீலைக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

முதலில் வந்தது ஒரு விண்வெளி வீரன். "எலும்புக்கூடு ஏன் மழையில குடை புடிக்காது?"

"ஏன்?"

"நனையறதுக்கு அதுகிட்ட என்ன இருக்கு!"

வெர்லின் யோசித்தார். "எலும்பு இருக்கே. ஈரம் ஊறினா பூசணம் புடிக்கும்."

விண்வெளி வீரன் அவரை அண்ணாந்து பார்த்தான். சாக்லெட்டை வாங்கிக்கொண்டு, தோற்ற கட்சிக்காரன் போல இறங்கிப் போனான்.

அடுத்து ஒரு பசுமாடு. "பேய் ஏன் ஸ்கூலுக்கு லேட்டாவே போகாது?"

"ஏன்?"

"சுவத்துக்குள்ள பூந்து போயிடும், கதவு தேட வேணாம்!"

"அப்ப புத்தகப் பை? அதுவும் சுவத்துக்குள்ள பூந்துடுமா?"

"அது... தெரியல."

"விசாரிச்சுப் பாரு."

பிள்ளைகளை அனுப்பிவிட்டு நடைபாதையில் காத்திருந்த பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கடற்கொள்ளைக்காரன் நேராகவே கேட்டான். "மிஸ் ஆர்லிஸ் செத்துட்டாங்களா?"

"சேச்சே. உள்ள இருக்கா. நல்லா இருக்கா."

"அப்புறம் ஏன் நீங்க வந்தீங்க?"

வெர்லின் சாக்லெட்டை அவன் பையில் போட்டார். மேட்டின் கீழே, "டேய், மேல போகாத, அந்தத் தாத்தா பரீட்சை வைக்கிறாரு" என்று யாரோ கத்துவது கேட்டது. ஏறிவந்த இரண்டு முயல்கள் பாதி வழியில் திரும்பிவிட்டன. திரைக்குப் பின்னால் ஆர்லிஸ் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். எத்தனையோ வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த வாசல் அது. ஒரே மாலையில் கண்ணெதிரே பாழாகிக்கொண்டிருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை, கேட்டுக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

அப்போது ஒரு ரத்தக்காட்டேரி மேடேறி வந்தது. தரையைக் கூட்டும் கறுப்பு அங்கி, முன்பல் விழுந்த இடத்தில் பிளாஸ்டிக் கோரைப்பல். கீழ்த்தெரு போஸ்னியக் குடும்பத்தின் ஐலா, வயது ஆறு. அவளுடைய அப்பா காபிக் குவளையோடு படிக்கட்டின் கீழே நின்றார்.

"ரத்தக்காட்டேரி தல வாரினா வகிடு ஏன் கோணலாவே வருது?" என்றாள் ஐலா.

"ஏன்?"

"கண்ணாடியில அதோட மூஞ்சி தெரியாதே!"

வெர்லின் இந்த வழக்கை மற்றவற்றைவிட அதிக நேரம் ஆராய்ந்தார். "ஏன், அதுக்குப் பொண்டாட்டி இல்லையா?"

"என்னது?"

"பொண்டாட்டியோ புருஷனோ, வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல? காலையில அவங்க முன்னால போய் நின்னு, நேரா இருக்கான்னு கேட்டா சொல்லிடுவாங்க. எட்டு சதவீதம் கோணல்னு. எங்க வீட்டுல அப்படித்தான்."

திரைக்குப் பின்னால் ஏதோ உறுமியது. அடங்கியது. மறுபடி உறுமியது. ஐலா வெர்லினின் காலுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ஆர்லிஸ் எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள், கோடையிலிருந்து சேர்த்து வைத்த சரக்கு. குளியலறைக் கதவுக்கு முன்னால் சீப்போடு வந்து நிற்கும் காட்டேரியும், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதற்குச் சதவீதம் சொல்லும் வெர்லினும் கண்முன் வந்து நின்றார்கள். திரைச்சீலையைப் பிடித்தவள் அதைக் கம்பியோடு பிடுங்கிக்கொண்டு, தோளில் முக்காடு போல அது தொங்க, வாசலில் வந்து விழாத குறையாக நின்றாள்.

"இரு, இரு... அத இன்னொரு தடவ சொல்லு!"

ஐலா சொல்லவில்லை. அண்ணாந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்த பூசணிக்காயைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"உங்க மூஞ்சி பாதிதான் சிரிக்குது."

"ஐலா!" என்றார் அப்பா கீழேயிருந்து, காபியைக் கொட்டிக்கொண்டு.

ஆர்லிஸின் சிரிப்பு நின்றது. மாதக்கணக்காக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவள் ஒளிந்துகொண்டிருந்தாள். சொல்லியாகிவிட்டது. வீடு இடியவில்லை.

"ஆமா" என்றாள். "இன்னொரு பாதி லீவுல போயிருக்கு."

ஐலாவின் முகம் கவலையில் சுருங்கியது. நாடீனின் கவலை இல்லை அது. கையிலிருந்த பையைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, கறாராகக் கேட்டாள்: "அப்ப எனக்குப் பாதி சாக்லெட்தானா?"

இதற்கு மேல் நடந்ததற்கு ஆர்லிஸைப் பொறுப்பாக்க முடியாது. கதவு நிலை மட்டும் இல்லாவிட்டால் தரையிலேயே உட்கார்ந்திருப்பாள். வலது உதடு காது வரை போனது, இடது கண் மூடிக்கொண்டது, கண்ணீர் மட்டும் இரண்டு பக்கமும் சமமாக வழிந்தது. சத்தம் மேட்டைத் தாண்டிக் கீழ்த்தெருவுக்குப் போயிற்று. திரும்பிப்போன முயல்கள் நின்றன. "மிஸ் ஆர்லிஸ்டா!" என்று ஒருவன் கத்த, பசுமாடு அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

ஐலாவுக்கு இரண்டு சாக்லெட் கிடைத்தது. டச்சு வம்சத்தில் இப்படி ஒரு கொடை முன்னே பின்னே கேள்விப்பட்டதில்லை. தள்ளுபடியான வழக்குகள் எல்லாம் அன்று மறுவிசாரணைக்கு வந்தன. குடை பிடிக்காத எலும்புக்கூடு இரண்டு தடவை சொல்ல வைக்கப்பட்டது. நாடீனும் வந்து எட்டிப் பார்த்து, "எப்... படி..." என்று தொடங்கினாள். "லைன்ல நில்லு நாடீன், ஜோக் இருந்தா சொல்லு" என்றாள் ஆர்லிஸ். நாடீனிடம் ஒரு ஜோக் இருந்தது. நன்றாகவும் இருந்தது. அவளைப் பற்றி நாமும் சற்று அவசரப்பட்டுவிட்டோம்.

எட்டு மணிக்கு வாசல் விளக்கை அணைத்துவிட்டு, மிச்சமிருந்த ரோலைச் சூடாக்கிக்கொண்டு இருவரும் சோபாவில் சாய்ந்தார்கள். அரக்கன் சதுப்பு நிலத்திலிருந்து எழுந்தான். குஷன் ஏறியது. ஆர்லிஸ் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

"எத்தன சதவீதம்?" என்று கேட்டாள், திரையைப் பார்த்தபடியே.

"எது?"

"சிரிக்கும்போது."

இருட்டில் வைத்து மதிப்பீடு செய்வது தொழில் தர்மம் இல்லை. வெர்லின் குஷனை இறக்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, அவள் பக்கம் திரும்பினார். டிவி வெளிச்சத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் அதன் இஷ்டத்துக்கும். ரொம்ப நேரம் பார்த்தார். நிற்கிற பயிரை மட்டுமே பார்த்துப் பழகிய கண்.

"சேதம்னு எழுத ஒண்ணும் இல்ல. கேஸ் தள்ளுபடி" என்றார்.

சொல்லிவிட்டு, கையில் குஷன் இல்லை என்பதை மறந்து, திரையின் பக்கம் திரும்பினார். அரக்கன் அப்போதுதான் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தான்.

"ஆர்லிஸ்."

"ம்?"

"அதோட முதுகுல ஜிப்பு இருக்கு."

சோபாவின் மறுமுனையில் கார் மறுபடி உறுமத் தொடங்கியது.