தத்த எவிடே?

கேரள எல்லைச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் போதும், 'கேள்வி' என்ற சொல் வாயை விட்டுக் காதுக்குக் குடிபோய்விடுகிறது. மயிலாடுதுறையிலிருந்து மீனாட்சிபுரத்தில் மகள் வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகியும் எனக்கு இது தெரியாது. வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்க்க வந்த அங்கன்வாடி டீச்சர், ஒற்றப்பாலம் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், என் பேத்தி யாழினியைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, "கேள்விக் குறவுண்டோ சாரே?" என்றார். "கொறைவா? நாள் முழுக்க நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இவதான் பதில் சொல்ல மாட்டேங்கறா" என்றேன். டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மருமகன் செந்தில் வாளியை வைத்துவிட்டு வந்தார். "மாமா, டீச்சர் கேட்டது காதைங்க. புள்ளைக்குக் காது கேக்குமான்னு."

யாழினிக்கு இரண்டு வயது நெருங்குகிறது. ஒரு சொல்கூட வரவில்லை. அதுவரை பிடிவாதம் என்று பெயர் வைத்திருந்த ஒன்றுக்கு அன்று வேறு பெயர் வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை அங்கன்வாடிக்கு அழைத்து வரச் சொன்னார் டீச்சர். எங்கள் ஊரில் என்றால் நாம் போய் நின்று, 'நாளைக்கு வா' என்ற பதிலைக் கேட்டுத் திரும்ப வேண்டும். இங்கே அரசாங்கமே வீடு தேடி வந்து பயமுறுத்திவிட்டுப் போகிறது.

மகள் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போய்விடுவாள். பகலில் குழந்தை என் பொறுப்பு. தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு எதற்கும் ஒரு நடைமுறை வேண்டும். காலையில் எவர்சில்வர் டப்பாக்களுக்குச் சரியான மூடி தேடுவது. பிறகு பெரிய வெங்காயம் ஒரு கூடை, சின்ன வெங்காயம் ஒரு கூடை. வெயில் ஏறியதும் முற்றத்தில் டம்ளருக்கு டம்ளர் தண்ணீர் ஊற்றுவது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டி, கடைசியில் என் நெஞ்சைத் தொட்டு "தாத்தா" என்பேன். கைவேலை எல்லாம் சுத்தமாகச் செய்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

"ஏனுங் மாமா, வெங்காயம் பிரிக்கப் பழக்குனீங்கன்னா மண்டிக்கே அனுப்பீரலாமுங்க" என்றார் செந்தில். சொன்ன அவருக்கே சிரிப்பு வரவில்லை. ஒருநாள் யாழினியின் முதுகுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டைத் தட்டினேன். தொழுவத்து மாடு திரும்பிப் பார்த்தது. குழந்தை மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அன்றே பொள்ளாச்சியில் காது டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.

திங்கட்கிழமை டீச்சர் படங்களைச் சுவரில் சாய்த்து வரிசையாக வைத்தார். "பூச்ச எவிடே மோளே?" பூனைப் படம் நடுவில் இருந்தது. யாழினி படத்தைப் பார்க்காமல், குனிந்து தரையில் எதையோ தேடினாள். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "தத்த எவிடே?" பச்சைக் கிளியின் படம் அவள் மூக்குக்கு நேராக இருந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டி, அறைக் கோடியில் நின்ற என்னிடம் ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஒந்நும் அறியில்லல்லோ" என்று கைவிரித்தார் டீச்சர்.

தோற்றுப்போனதாகவே நானும் நினைத்தேன். குழந்தையைத் தூக்கிய பிறகுதான் உறைத்தது. பூச்ச என்றதும் தரையில் பூச்சி தேடியிருக்கிறாள். தத்த என்றதும் தாத்தாவிடம் வந்திருக்கிறாள். நான் பதறிப்போய் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "தாத்தா! டீச்சர், நான்தான் தாத்தா!" என்று கத்தினேன். கிழவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்த டீச்சர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "முத்தச்சனோ! ஈஸ்வரா, அப்போ குட்டி காணிச்சது ஷெரியா!" பிறகு யாழினியின் கன்னத்தைத் தட்டி, "மோள்க்கு நல்ல கேள்வியுண்டு" என்றார். இந்த முறை எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

டாக்டரிடம் வாங்கிய நேரத்தை நான் ரத்து செய்யவில்லை. நம்பிக்கை வேறு, நடைமுறை வேறு. வீட்டுக்கு வரும் வழியில் வேறொன்று குடைந்தது: தமிழிலும் தத்தை கிளிதானே. நாங்கள் அதைப் புத்தகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். இவர்கள் தெருவில் பறக்க விட்டிருக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு இருப்பிடச் சான்றுக்கு விசாரணை செய்தவன் நான். இந்தச் சொல்லின் இருப்பிடம் எந்தப் பக்கம் என்று கேட்டால் எழுத எனக்குக் கை வராது.

அன்று சாயங்காலம் வெங்காயக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் கிளி ஒன்று பழத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. யாழினி கையில் ஒரு சின்ன வெங்காயத்தோடு தலையை நிமிர்த்தினாள்.

"தத்த."

தொழுவத்திலிருந்து செந்தில் ஓடிவந்தார். "மாமா, பேசிட்டாளுங்க! யாரைக் கூப்புட்டா, உங்களையா, கிளியவா?"

அவள் வெங்காயம் பிடித்த கையை நீட்டியிருந்தாள், எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில். "என்னம்மா" என்றேன். கொய்யா மரத்திலிருந்து கிளியும் குரல் கொடுத்தது.