துளை மூன்று, மீட்டர் நூற்றுப் பன்னிரண்டு

கல்லைப் பொடியாக்குவதற்கும் சம்பளம் கொடுத்து ஒரு ஆள் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். தங்கம் தேடுகிற கம்பெனிக்காரன் பூமியில் துளை போட்டு எடுக்கிற கல், கல்லாக இருக்கும்வரை வாயைத் திறக்காது. அதை அடுப்பில் உலர்த்தி, உடைத்து, மாவு மாதிரி நைசாக அரைத்தால்தான் சோதனை அறையில் உள்ளவர்கள் உருக்கிப் பார்த்து, உள்ளே தங்கம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். அந்த வேலையைப் பத்தொன்பது வருடமாகச் செய்தவர் இவர். லேபில் எல்லோரும் பொடியார் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க இரண்டு நொடி ஆகும்.

வேலையில் சுத்தமான மனுஷன், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு மூட்டை அரைத்து முடித்ததும் அரைக்கும் இயந்திரத்தின் கிண்ணத்தைக் காற்றடித்து, பிரஷ் போட்டு, வெறும் மணலைப் போட்டு ஒரு தடவை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் அடுத்த மூட்டையைத் தொடுவார். ஒருவனுடைய தூசி இன்னொருவனுடைய கல்லில் கலந்துவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். வீட்டுக்கு வந்தாலும் வாசலிலேயே செருப்பைத் தட்டி, சட்டையை உதறி, காதுக்குள் விரல் விட்டுத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். "லேப்ல இருக்கற பாதி மலை எங்க வீட்டு வாசல்லதான் இருக்கு" என்று மனைவி கேலி செய்வார்.

ஆனால் அவர் கையில் ஒரு மோதிரம் இருந்தது.

அரைக்கும் அறைக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும், மோதிரம், வளையல், சங்கிலி எதுவாக இருந்தாலும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போகவும் என்று. திருட்டுப் பயத்தால் அல்ல. தங்கம் மெத்தென்ற சாமான், இரும்பில் உரசினால் உதிரும். கடுகை உடைத்தால் தெறிக்கிற தூள் அளவு உதிர்ந்து கால் கிலோ கல்பொடியில் விழுந்தால் போதும், வெறும் பாறை தங்கப் பாறை ஆகிவிடும். இது இவருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். அப்புறம் ஏன் கழற்றவில்லை? கழலவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரம். சம்மட்டி பிடித்துப் பிடித்து விரல் முட்டி வீங்கிப்போய், சோப்பு, எண்ணெய், நூல் என்று எதற்கும் மசியவில்லை. லேபை நடத்துகிற மேடம் வெட்டி எடுத்துவிடச் சொன்னார்.

"கல்யாண மோதிரம் மேடம். இதை வெட்டினா வீட்டுல என்னை வெட்டிடுவாங்க."

மேடம் சிரித்துவிட்டார். மோதிரத்தின் மேல் பிளாஸ்திரியை மூன்று சுற்று சுற்றி, அதற்கு மேல் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. சிரித்திருக்கக் கூடாது அந்த அம்மாள். ஆனால் யாருக்குத் தெரியும்!

அந்தச் செவ்வாய்க்கிழமை மேடம் விடுமுறையில் இருந்தார். கையுறைப் பெட்டி காலியாகிவிட்டிருந்தது, புதுப் பெட்டி மறுநாள்தான் வரும். நாற்பது மூட்டை காத்திருந்தது. அனுப்பியது யாரோ ஒரு சின்னக் கம்பெனி. பெரிய கம்பெனிகள் மூட்டையில் வெறும் எண் மட்டும் போட்டு அனுப்பும், எந்த இடத்துக் கல் என்று யாருக்கும் தெரியாது. இவர்கள் கற்றுக்குட்டிகள், துளை எண்ணையும் ஆழத்தையும் மார்க்கரில் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தார்கள். 'துளை 3, மீட்டர் 112' என்ற மூட்டை வந்ததும் பொடியார் தனக்குள் சிரித்துக்கொண்டார். அவர் வீட்டுக் கதவு எண்ணும் நூற்றுப் பன்னிரண்டு.

அரைத்து முடித்து, கிண்ணத்தின் உள்ளே சுழன்று கல்லை நசுக்கும் இரும்பு வட்டை எடுக்கக் கையை விட்டார். அடுப்புச் சூட்டில் வியர்த்து பிளாஸ்திரி கழன்று எங்கேயோ போயிருந்தது. வட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் விரல் மாட்டி, கிறீச் என்று ஒரு சத்தம். கையை உருவினார். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மோதிரத்தின் ஓரத்தில் மட்டும் புதிதாகப் பளபளவென்று ஒரு கீறல்.

பொடியைப் பார்த்தார். பொடி சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு, மிச்சக் கல்லிலிருந்து புதிதாக அரைத்திருந்தால் அரை மணி நேர வேலை. ஏன் இரண்டாம் தடவை அரைத்தாய் என்று பதிவில் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் கையுறை இல்லாமல் வேலை செய்தது வெளியே வரும். ஒரு கீறல்தானே என்று பொடியை உறையில் போட்டு ஒட்டிவிட்டார். பத்தொன்பது வருடச் சுத்தம் அந்த ஒரு உறைக்குள் போய்விட்டது, பாவி மனுஷன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் சாப்பிட வந்தான். மனைவியின் ஒரே தம்பி. சொந்தமாக இரண்டு வேன் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். ஒன்றை அவனே ஓட்டினான், இன்னொன்றுக்கு ஆள் போட்டிருந்தான். அந்த இரண்டு வேனில்தான் அவன் வீடு நடந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் படித்தார்கள். வந்தவன் கைகூடக் கழுவாமல் செல்போனை நீட்டினான்.

"அத்தான், இதைப் பாருங்க. சின்னக் கம்பெனி. இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க. மூணாவது துளையிலயே அடிச்சிருச்சு ஜாக்பாட்!"

"மூணு ஓட்டை போட்டதுக்குப் பேரு கம்பெனியாடா?" என்றார் அவன் அக்கா.

"அக்கா, சுரங்கம் வந்தப்புறம் வாங்கினா என்ன லாபம்? ஓட்டையா இருக்கறப்பவே வாங்கணும். ஒரு டன்னுக்குப் பதினோரு கிராம் தங்கமாம். அதே பொடியை ரெண்டு தடவை சோதிச்சுப் பார்த்தாங்களாம், ரெண்டு தடவையும் அதே பதில்தான்."

பொடியார் போனைக் கையில் வாங்கினார். துளை மூன்று. நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆழம். மேலே உள்ள மீட்டரிலும் ஒன்றுமில்லை, கீழே உள்ள மீட்டரிலும் ஒன்றுமில்லை. நடுவில் ஒரே ஒரு மீட்டரில் தங்கம். அதே பொடியை நூறு தடவை சோதித்தாலும் அதே பதில்தானே வரும், தங்கம் அந்த உறைக்குள்தானே கிடக்கிறது என்று நினைத்தபடியே போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க லேப்ல இருக்கறவர். இதுல இறங்கலாமா வேண்டாமா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தான்."

லேபுக்கு வருகிற கல்லைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல வேளை அப்படி ஒரு கையெழுத்து இருந்தது என்று அந்த நிமிடம் நினைத்துக்கொண்டார்.

"அதைப் பத்தி நான் பேசக் கூடாதுடா."

மச்சினன் முகம் மலர்ந்துவிட்டது. "பேசக் கூடாதா? போதும் அத்தான். விஷயம் இல்லாட்டி எதுக்குப் பேசக் கூடாது? புரிஞ்சுபோச்சு."

"டேய், நான் ஒண்ணும் சொல்லலை."

"நீங்க ஒண்ணும் சொல்லலை, நானும் ஒண்ணும் கேக்கலை!" என்று கண்ணடித்துவிட்டு குஷியாகச் சோற்றைப் பிசைந்தான். அன்றைக்கு அவன் சாப்பிட்ட மாதிரி அவன் சாப்பிட்டு அக்கா பார்த்ததே இல்லையாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கையை நீட்டி மோதிரத்தைக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் வேலை போகும், பத்தொன்பது வருடம் கட்டிக் காத்த பெயர் போகும். ஒருவேளை பாறையிலேயே தங்கம் இருந்து தொலைக்கக் கூடாதா என்று மனசு ஒரு மூலையில் பேரம் பேசியது. புதன்கிழமை, ஷேர் வாங்குவதற்காக மச்சினன் ஒரு வேனை விற்றுவிட்ட செய்தி வந்தது. மனைவி சந்தோஷமாகச் சொன்னார். பொடியார் லேபில் பிளாஸ்திரியை மூன்று சுற்றுக்குப் பதில் ஆறு சுற்று சுற்றினார். மூட்டைகளை அரைத்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு தடவை கழுவினார். இப்போது கழுவி என்ன செய்ய!

அடுத்த செவ்வாய்க்கிழமை மனைவி காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னார். "கம்பெனிக்காரங்க புதுசா ஷேர் தராங்களாம். வெள்ளிக்கிழமைதான் கடைசி. தம்பி ரெண்டாவது வேனையும் பேசி முடிச்சுட்டான். எங்க அத்தானே லேப்ல இருக்கார்னு நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கான், அவங்களும் போடறாங்களாம். என்னங்க, முகம் ஏன் இப்படிப் போகுது?"

வியாழக்கிழமை காலையில் மேடத்தின் அறைக்குப் போய் நின்றார். முழுவதையும் சொன்னார். மேடம் சிரிக்கவில்லை. கிடங்கிலிருந்து அந்த மூட்டையின் மிச்சக் கல்லை எடுத்துவரச் சொன்னார், அரைக்க வேறு ஆளைப் போட்டார்.

"எப்ப நடந்தது இது?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு மேடம்."

"எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. எழுதி முடிக்கற வரைக்கும் எங்கயும் போகாதீங்க."

எழுதுவதற்கு முன்னால் பின்பக்கம், கல் குவித்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய் மச்சினனைக் கூப்பிட்டார்.

"அந்த ஷேர் வேண்டாம்டா. பணத்தைப் போடாதே."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா அத்தான்? சும்மா தலையை ஆட்டற மாதிரி உம்முன்னு சொல்லுங்க போதும்."

"யாரும் இல்லை. நெஜமாத்தான் சொல்றேன், வேண்டாம்."

மறுமுனையில் வந்த குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "ஓஹோ. நீங்க வாங்கிட்டீங்க, அப்படித்தானே? நாலு பேர் வாங்கினா விலை ஏறிடும்னு பார்க்கறீங்க. அக்காவும் இதுல கூட்டா?"

"ஐயோ, என் மோதிரம்டா அது! உங்கப்பா போட்ட மோதிரம். அரைக்கறப்ப உரசிடுச்சு. நீ பார்த்த தங்கம் அதுதான். அந்தப் பாறையில ஒரு மண்ணும் இல்லை."

மச்சினன் சிரித்தான். வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரித்தான். "எங்கப்பா போட்ட மோதிரமா? அவரு எச்சில் கையால காக்கா ஓட்டாதவரு அத்தான். அவரு போட்டதுல ஒரு மலைக்கே போதுமான தங்கம் இருந்துச்சா? பொய் சொல்றதுன்னாலும் கொஞ்சம் பொருத்தமா சொல்லுங்க."

போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டதற்கு எடுக்கவில்லை. பொடியார் உள்ளே போய் உட்கார்ந்து எழுதினார். எழுத்து பழக்கமில்லாத கை. மேடம் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார். முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்து வேன் நிற்கும் இடத்துக்குப் போனார். இரண்டு வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பக்கத்து மெக்கானிக், "நேத்தே சாவியைக் குடுத்துட்டாருங்க. இப்பதான் பேங்க்குக்குக் கிளம்பினாரு" என்றான். எந்த பேங்க் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுசோதனையில் நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் தங்கம் இல்லை. துளிகூட இல்லை. லேப் உடனே கம்பெனிக்கு எழுதியது. கம்பெனி ஒன்பது நாள் யோசித்துவிட்டு மூன்று வரியில் ஒரு திருத்தம் போட்டது. அந்த மூன்று வரியோடு ஷேரும் பேப்பர் விலைக்கு வந்தது. மச்சினன் போட்டதில் ஒரு வேனின் நான்கு டயர் வாங்கக்கூட மிச்சம் இல்லை. பொடியாருக்கு வேலை போனது. கடைசி நாளில் லேபின் ஃபிட்டர் கட்டிங் பிளையரால் மோதிரத்தை வெட்டி எடுத்து ஒரு உறையில் போட்டுக் கையில் கொடுத்தார். விரலில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் நின்றது.

ஒரு மாதம் கழித்து மச்சினன் நடந்தே வந்தான். யாரோ ஒருவரின் வேனை இப்போது சம்பளத்துக்கு ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை லீவு. அக்கா தட்டை வைத்தார். அவன் உட்காரவில்லை.

"அந்த மோதிரத்தைக் குடுங்க, பார்க்கணும்."

பொடியார் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். மச்சினன் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் தடவினான்.

"இந்தக் கீறலா?"

"அதேதான்."

"இவ்வளவுதானா," என்றான். அடி வாங்கினவன் குரல் அது. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இதை வித்து வச்சுக்கடா தம்பி. அப்பா போட்டதுதானே. உங்க அத்தான்தான் தெரிஞ்ச உடனே உனக்குப் போன் பண்ணினாரே, நீதான் கேக்கலை."

மச்சினன் அத்தானைப் பார்த்தான். அன்றைக்குப் போனில் கேட்காததை இப்போது மெதுவாகக் கேட்டான்.

"நான் போனைக் காட்டினேனே, இதே எடத்துல, சாப்பிட வந்தப்ப. அன்னிக்கே தெரியுமா அத்தான்?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் யாரும் மறுக்கப்போவதில்லை. அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"தெரியும்."

மச்சினன் மோதிரத்தை மேஜைமேல், காலித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மனைவி தம்பிக்கு வைத்த தட்டையும் கணவருக்கு வைத்த தட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.